நோயாளியாக ஒரு கோழி: தீனிப்பை நோய்களும் கழிச்சல் நோய்களும் – ஒரு மருத்துவ வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

கோழியின் செரிமானப் பாதையில் தோன்றும் நோய்களைத் தீனிப்பை நோய்கள், கழிச்சல் நோய்கள் என இரண்டாகப் பகுக்கலாம். முதல்வகை பெரும்பாலும் ஒரு கோழியோடு நின்றுவிடுவது. இரண்டாம்வகை கூட்டம் முழுவதும் பரவுவது. இவ்வேறுபாடே இருவகை நோய்களின் மருத்துவ வரலாற்றையும் வெவ்வேறு திசைகளில் செலுத்தியது என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. உரோமானிய வேளாண் நூல்கள், 18ஆம் நூற்றாண்டின் செரிமானச் சோதனைகள், 19ஆம் நூற்றாண்டின் கோழி வளர்ப்புக் கையேடுகள், 20ஆம் நூற்றாண்டின் கோழி நோயியல் ஆய்வுகள் ஆகியன இங்கு ஆராயப்படுகின்றன. தமிழில் வழங்கும் ‘வெள்ளைக்கழிச்சல்’, ‘இரத்தக்கழிச்சல்’ ஆகிய நோய்ப்பெயர்கள் இவ்வரலாற்றில் பெறும் இடமும் விளக்கப்படுகிறது.

திறவுச்சொற்கள்: தீனிப்பை, அரைவைப்பை, வெள்ளைக்கழிச்சல், இராணிக்கெட் நோய், இரத்தக்கழிச்சல், கால்நடை மருத்துவ வரலாறு.

முன்னுரை

கால்நடை மருத்துவ வரலாறு நெடுங்காலம் குதிரை, மாடு ஆகிய இரண்டு விலங்குகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. 1762ஆம் ஆண்டு பிரான்சின் லியோன் நகரில் தொடங்கப்பெற்ற கால்நடை மருத்துவப் பள்ளியும், அதனைப் பின்பற்றி ஐரோப்பாவில் எழுந்த பிற பள்ளிகளும் போருக்கும் உழவுக்கும் பயன்பட்ட பெருவிலங்குகளையே முதன்மையாகக் கருதின. கோழி அப்பள்ளிகளின் பாடத்திட்டத்திற்கு வெளியே, வீட்டு முற்றத்தில் இருந்தது. அதற்கு நோய் வந்தால் பார்த்தவர் வீட்டுப் பெண்களும் பண்ணையாட்களுமே. ஒரு கோழியின் விலை மருத்துவரின் கூலியைவிடக் குறைவு என்பதே இதற்குரிய எளிய காரணம்.

இந்தப் பொருளியல் உண்மை, எந்த நோய் ஆராயப்படும், எந்த நோய் ஆராயப்படாமல் விடப்படும் என்பதையும் தீர்மானித்தது. செரிமானப் பாதை நோய்கள் இதற்குத் தக்க சான்றாகும். கோழி நோயுற்றது என்பதை வளர்ப்போர் முதலில் அறிவது இரண்டு இடங்களில்: ஒன்று கழுத்தடியில் உள்ள பை, மற்றொன்று எச்சம். முன்னது கையால் தொட்டு அறியப்படுவது; பின்னது கண்ணால் கண்டு அறியப்படுவது. இவ்விரு அறிகுறிகளைச் சார்ந்த நோய்களுக்கு வரலாறு வழங்கிய இடம் ஒன்றுபோல் இல்லை. அந்த வேற்றுமையின் காரணத்தைக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

செரிமானப் பாதையும் நோய்களின் இருவகையும்

கோழிக்குப் பற்கள் இல்லை. கொத்திய தீனி உணவுக்குழாய் வழியே கழுத்தின் அடிப்பகுதியில், சற்று வலப்புறமாக அமைந்த ஒரு பையில் சேர்கிறது. பேச்சு வழக்கில் இதனை இரைப்பை என்று சொல்வதுண்டு. அச்சொல் மனித வயிற்றையும் குறிப்பதால், பள்ளி, கல்லூரிப் பாடநூல்களில் வழங்கும் தீனிப்பை என்னும் சொல்லே இங்கு ஆளப்படுகிறது. தீனிப்பையில் உணவு சேமிக்கப்பட்டு நனைந்து மென்மையாகிறது. செரிமானம் அங்குப் பெரிதாக நிகழ்வதில்லை. அடுத்துள்ள சுரப்பி வயிற்றில் அமிலமும் நொதியும் சுரக்கின்றன. அதன்பின் அமைந்த அரைவைப்பை, கோழி விழுங்கிய சிறுகற்களின் துணையோடு தானியத்தை அரைக்கிறது. சிறுகுடலைக் கடந்தபின் ஒருபுறம் மூடிய இரண்டு முட்டுக்குடல்கள் உள்ளன. எச்சமும் சிறுநீர்க் கழிவும் ஒரே வாயின் வழியே வெளியேறுகின்றன. நலமுள்ள கோழியின் எச்சத்தில் காணப்படும் வெண்ணிறப் பகுதி, சிறுநீர்க் கழிவாகிய யூரிக் அமிலமே.

மாலையில் நிறைந்திருக்கும் தீனிப்பை, நலமுள்ள கோழியில் விடியற்காலைக்குள் காலியாகிவிடும். காலையில் தீனி வைக்கும் முன்னரே அது நிறைந்திருப்பின் ஏதோ குறை உண்டு என்பது பொருள். உள்ளே கட்டியாக, மாவுருண்டைபோல் இருந்தால் அடைப்பு. நீர் நிறைந்த பைபோல் தளர்ந்து, வாயில் புளித்த நாற்றம் வீசினால் நொதிப்பு. தசை தளர்ந்து பை நிலையாகக் கீழே தொங்கினால் தொங்கு தீனிப்பை. நீண்ட புல், வைக்கோல், நார், இறகு முதலியவற்றை விழுங்குதல், சிறுகற்கள் கிடைக்காமை, நெடுநேரப் பசிக்குப்பின் அளவின்றித் தின்னுதல் ஆகியன அடைப்பிற்கான காரணங்கள். இவற்றுள் எதுவும் ஒரு கோழியிலிருந்து மற்றொரு கோழிக்குத் தொற்றுவதன்று.

கழிச்சல் நோய்களின் இயல்பு வேறு. அவை நுண்ணுயிரிகளாலும் ஒட்டுண்ணிகளாலும் தோன்றி, எச்சம், நீர், தீனி வழியாகப் பரவி, சில நாட்களில் கூட்டத்தையே அழிக்கவல்லவை. எனினும் வெளிப்பார்வைக்கு இருவகையும் ஒன்றோடொன்று மயங்கும். தீனிப்பை அடைத்த கோழியின் குடலுக்கு உணவு இறங்குவதில்லை. அதன் எச்சத்தில் யூரிக் அமிலத்தின் வெண்மையும் பித்தத்தின் பச்சையுமே எஞ்சுகின்றன. எனவே பட்டினியால் வாடும் கோழியின் எச்சம், கழிச்சல் நோயுற்ற கோழியின் எச்சத்தை ஒத்திருக்கும். இந்த மயக்கம் பின்னர் விளக்கப்படும் பெயர்ச் சிக்கலுக்கு அடிப்படையாகும்.

பண்டை வேளாண் நூல்களில் கோழி மருத்துவம்

பறவைகளின் தீனிப்பையை உடற்கூற்று நோக்கில் குறித்த தொன்மையான ஆசிரியர்களுள் அரிஸ்டாட்டில் முதன்மையானவர். சேவல், புறா, கவுதாரி முதலியவற்றிற்கு வயிற்றுக்கு முன்னால் ஒரு பை உண்டு என்றும், எல்லாப் பறவைகளுக்கும் அது இல்லை என்றும் அவர் தம் விலங்கு வரலாற்று நூலில் பதிவு செய்துள்ளார். இது வகைப்படுத்தும் நோக்கம் கொண்ட குறிப்பு, மருத்துவக் குறிப்பன்று.

மருத்துவக் குறிப்புகளை உரோமானிய வேளாண் நூல்களில் காண்கிறோம். கி.மு. 37இல் வார்ரோ எழுதிய நூலின் மூன்றாம் பகுதியும், கி.பி. முதல் நூற்றாண்டில் கொலுமெல்லா எழுதிய நூலின் எட்டாம் பகுதியும் பண்ணை வீட்டுப் பறவைகளைப் பற்றியவை. கொலுமெல்லா ‘பிட்யூட்டா’ என்னும் நோயைக் கோழிகளின் பெருந்துன்பமாகக் குறிக்கிறார். குளிரும் பசியும், கோடையில் தேங்கிய நீரைக் குடித்தலும், அத்திப்பழமோ பழுக்காத திராட்சையோ வயிறு நிறையாத அளவில் தின்பதும் அதன் காரணங்கள் என்பது அவர் கருத்து. வெதுவெதுப்பான எண்ணெயில் தோய்த்த பூண்டைக் கோழியின் வாயில் திணிக்கும் முறையையும் அவர் எடுத்துரைக்கிறார்.

இக்குறிப்புகளில் கவனிக்கத்தக்கவை இரண்டு. ஒன்று, நோயின் காரணம் தீனியிலும் நீரிலும் தேடப்படுகிறது. மற்றொன்று, கோழி ஒவ்வொன்றாகப் பிடிக்கப்பட்டு, வாய் திறக்கப்பட்டு, மருந்து ஊட்டப்படுகிறது. பண்ணை பெரிதாயினும் மருத்துவம் தனிக்கோழிக்கே செய்யப்பட்டது. இம்மரபு பைசாந்தியத்தில் 10ஆம் நூற்றாண்டில் தொகுக்கப்பெற்ற ‘கியோபோனிகா’விலும், பொலோஞா பல்கலைக்கழகப் பேராசிரியர் உலிசே அல்திரோவாந்தியின் பறவையியல் நூலிலும் தொடர்கிறது. 1600இல் வெளிவந்த அந்நூலின் இரண்டாம் தொகுதி, கோழியைப் பற்றி அதுவரை எழுதப்பட்ட ஏறக்குறைய அனைத்தையும் ஓரிடத்தில் திரட்டியது.

சோதனைக் கருவியான கோழி

17, 18ஆம் நூற்றாண்டுகளில் கோழியின் வயிறு ஐரோப்பிய இயற்கை அறிஞர்களின் பெருவினா ஒன்றில் சிக்கியது. செரிமானம் என்பது அரைத்தலா, கரைத்தலா என்பதே அவ்வினா. புளோரன்சின் சிமெந்தோ கழகத்தார் கோழிகளுக்கும் வாத்துகளுக்கும் கண்ணாடிக் குண்டுகளை ஊட்டி, அவை வயிற்றில் பொடியாவதைக் கண்டனர். பிரெஞ்சு அறிவியல் கழகத்தைச் சார்ந்த ரெயோமூர் 1752இல் வெளியிட்ட இரு கட்டுரைகள் இவ்வினாவை முறைப்படி அணுகின. அரைவைப்பை வலுவாக அமைந்த பறவைகள், தாம் விழுங்கிய உலோகக் குழாய்களை நசுக்கின. உண்டதில் செரியாததைக் கக்கும் இயல்புடைய இரைகொல்லிப் பறவையிடம் இறைச்சியிட்ட குழாய்களைக் கொடுத்தபோது, அவை நசுங்காமலே உள்ளிருந்த இறைச்சி கரைந்து வந்தது. ஆக, அரைத்தலும் உண்டு, கரைத்தலும் உண்டு என்பது தெளிவாயிற்று.

இத்தாலிய அறிஞர் ஸ்பல்லன்சானி 1780இல் வெளியிட்ட ஆய்வுகள் இதனை விரிவாக்கின. கோழிக்குள்ளும் இரைப்பை நீர் உணவைக் கரைக்கிறது. ஆனால் தானியம் முதலில் உடைபட வேண்டும் என்பதை அவர் காட்டினார். 1786இல் ஜான் ஹண்டர் புறாக்களின் தீனிப்பை குஞ்சுகளுக்கென ஒருவகைப் பாலைச் சுரப்பதை விளக்கினார். தானியம் தீனிப்பையில் நனைந்து, அரைவைப்பையில் உடைந்து, நீர்களால் கரையும் என்னும் முழுமையான வரிசை இந்நூற்றாண்டின் இறுதிக்குள் உருவாயிற்று.

எனினும் இவ்வறிவு நோயுற்ற கோழிக்கு உடனே பயன்படவில்லை. ரெயோமூருக்கும் ஸ்பல்லன்சானிக்கும் கோழி ஒரு மலிவான கருவி. அவர்கள் அறிய விரும்பியது மனிதன் உள்ளிட்ட உயிர்களின் செரிமான விதியையே. தீனிப்பை செரிமான உறுப்பன்று, சேமிப்பு உறுப்பே என்னும் முடிவிலிருந்து, அதன் அடைப்பிற்குப் பேதி மருந்து பயன்படாது, கையாலோ கத்தியாலோதான் நீக்க வேண்டும் என்னும் மருத்துவ முடிவு எளிதாகப் பிறந்திருக்கலாம். அம்முடிவுக்கு வந்தவர்கள் ஆய்வகத்தார் அல்லர். அடுத்த நூற்றாண்டின் கோழி ஆர்வலர்களே அதனைக் கண்டடைந்தனர்.

கோழி மோகமும் தீனிப்பை அறுவையும்

1840களில் சீனத் துறைமுகங்களிலிருந்து இங்கிலாந்து வந்த கொச்சின் கோழிகள், கோழியின் சமூக மதிப்பையே மாற்றின. உருவில் பெரிய, கால்வரை இறகு மூடிய அப்பறவைகள் விக்டோரியா அரசியின் விண்ட்சர் அரண்மனைப் பறவைக்கூடத்திலும் இடம்பெற்றன. 1845இல் இலண்டன் விலங்கியல் பூங்காவில் கோழிக் கண்காட்சி நடைபெற்றது. 1849இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலும் அத்தகைய கண்காட்சி ஒன்று கூடியது. அடுத்த சில ஆண்டுகளில் இரு நாடுகளிலும் இனக்கோழி ஒன்றின் விலை கட்டுக்கடங்காமல் உயர்ந்தது. இந்தப் பித்தினைக் ‘கோழிக் காய்ச்சல்’ என்று பெயரிட்டு, அதில் தாமும் பங்குகொண்ட ஜார்ஜ் பர்ன்ஹாம் 1855இல் நகைச்சுவை நூலாகவே எழுதினார்.

விலை உயர்ந்ததும் நோயுற்ற கோழியைக் கழுத்தைத் திருகிக் குழம்பு வைக்கும் வழக்கம் நின்றது. மருத்துவரின் கூலியைவிடக் கோழியின் விலை குறைவு என்னும் பழைய கணக்கு தலைகீழாயிற்று. ஆயினும் கால்நடை மருத்துவர்கள் கோழியைப் பயின்றிருக்கவில்லை. அந்த வெற்றிடத்தை நிரப்பியவை கையேடுகளும் பருவ இதழ்களும் ஆகும். 1854இல் எலிசபெத் வாட்ஸ் ஆசிரியராயிருந்த ‘பௌல்ட்ரி கிரானிக்கிள்’ இதழ் இவ்வகையில் முன்னோடி. சார்லஸ் டார்வினுக்குப் புறா, கோழி இனங்களைப் பற்றிய தரவுகளை வழங்கிய டெகட்மையர் 1867இல் வெளியிட்ட பெருநூலும், அதே ஆண்டில் வெளிவந்த லூயிஸ் ரைட்டின் நடைமுறைக் கையேடும் பரவலாகப் பயிலப்பட்டன.

இக்காலக் கையேடுகளில் தீனிப்பை அடைப்பு தனித்தலைப்புப் பெற்றது. அவை கூறும் பொதுமுறை பின்வருமாறு அமைந்தது. முதலில் வெதுவெதுப்பான நீரையோ எண்ணெயையோ சிறிதளவு வாய்வழி ஊற்றி, பையின் உள்ளிருக்கும் கட்டியை விரல்களால் மெல்லப் பிசைந்து உடைக்க வேண்டும். பலமுறை முயன்றும் கட்டி கரையாவிடில், பையின் மேற்பகுதியில் இறகுகளைக் களைந்து, தோலிலும் பையிலும் ஓரங்குல அளவு கீறி, உள்ளடக்கத்தை வெளியேற்ற வேண்டும். பையைக் கழுவியபின், பைச்சுவரை முதலிலும் தோலை அடுத்தும் தனித்தனியே தைக்க வேண்டும். இரண்டையும் சேர்த்துத் தைப்பது தவறு. ஏனெனில் பை தோலோடு ஒட்டிக்கொண்டால் சுருங்கி விரியும் இயக்கம் கெடும். அதன்பின் சில நாட்கள் தானியமின்றி நனைத்த ரொட்டி போன்ற மென்மையான உணவே தரப்பட வேண்டும்.

இம்முறையில் பேதி மருந்தாகிய எப்சம் உப்பும் ஆமணக்கெண்ணெயும் சேர்க்கப்பட்டது உண்மையே. ஆயினும் மையமாக அமைந்தது கையின் தொழில். கல்லூரி மருத்துவத்திற்கு வெளியே, பல கோழிகளைத் தொட்டுப் பழகியோர் தம் பட்டறிவால் வகுத்த அறுவைமுறை இது. இன்றைய பறவை மருத்துவர் மயக்க மருந்தும் தூய்மை நெறியும் கொண்டு செய்யும் தீனிப்பை திறப்பு அறுவையும் ஈரடுக்குத் தையலையே கைக்கொள்கிறது என்பது அப்பட்டறிவின் தகுதியைக் காட்டும்.

கூட்டமே நோயாளி ஆதல்

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் நுண்ணுயிரியல் கோழிக்கூடத்தினுள் நுழைந்தது. அமெரிக்க அரசின் கால்நடைத் துறையின் முதல் தலைவராக விளங்கிய டேனியல் சால்மன் 1899இல் கோழி நோய்களைப் பற்றித் தனிநூல் எழுதினார். அடுத்த ஆண்டு ரெட்கர் என்னும் நுண்ணுயிரியலாளர், குஞ்சுகளைக் கொள்ளையாகக் கொன்றுவந்த வெண்கழிச்சலுக்குக் காரணமான பாக்டீரியத்தை விவரித்தார். இந்நோய் தாய்க்கோழியின் முட்டை வழியாகவே குஞ்சுக்கு வருவது என்பது பின்னர்த் தெளிவாயிற்று. 1913இல் இரத்தச் சோதனை ஒன்று கண்டறியப்பட்டது. வெளிப்பார்வைக்கு நலமாக இருந்தும் கிருமியைத் தாங்கிய கோழியை அச்சோதனை காட்டிக்கொடுத்தது.

இச்சோதனை ஒரு திருப்புமுனை. இங்கும் கோழி ஒவ்வொன்றாகப் பிடிக்கப்பட்டது; ஆனால் மருந்து கொடுப்பதற்காக அன்று. சோதனையில் சிக்கிய கோழி கூட்டத்திலிருந்து நீக்கப்பட்டது. கொலுமெல்லாவின் பண்ணையாள் கோழியைப் பிடித்தது அதனைக் காப்பதற்கு. 20ஆம் நூற்றாண்டின் சோதகர் பிடித்ததோ கூட்டத்தைக் காப்பதற்கு. 1935இல் அமெரிக்கா தேசியக் கோழி மேம்பாட்டுத் திட்டத்தை இந்நோயின் ஒழிப்பை முன்னிறுத்தியே தொடங்கியது.

இறைச்சிக்கோழித் தொழிலின் வளர்ச்சி இப்போக்கை விரைவுபடுத்தியது. 1923இல் டெலவேர் மாநிலத்தில் செசில் ஸ்டீல் என்னும் பெண்மணி 50 குஞ்சுகளுக்குச் சொல்லியனுப்ப, தவறுதலாக 500 குஞ்சுகள் வந்தன. அவற்றை அவர் இறைச்சிக்கென வளர்த்து விற்றதே அத்தொழிலின் தொடக்கமாகப் பொதுவாகக் கூறப்படுகிறது. பல்லாயிரம் கோழிகள் ஒரே கூரையின்கீழ் வளர்க்கப்பட்டபோது, எச்சத்தின் வழிப் பரவும் இரத்தக்கழிச்சல் பெருஞ்சிக்கலாயிற்று. ஐமீரியா என்னும் ஒருசெல் ஒட்டுண்ணியே அதன் காரணம். அவ்வினத்தில் முட்டுக்குடலைத் தாக்கி இரத்தம் கசியச் செய்யும் வகை 1891இல் இரைலியே, லூசே ஆகியோரால் பெயரிடப்பட்டிருந்தது. 1929இல் டைசர் வெளியிட்ட விரிவான ஆய்வு, கோழியைத் தாக்கும் ஐமீரியா வகைகளைத் தெளிவாகப் பிரித்துக் காட்டியது. 1939இல் லெவின் சல்பா மருந்தின் பயனை எடுத்துரைத்தார். 1948இல் சல்பாகுயினாக்சலின் தீனியிலேயே இடைவிடாமல் கலந்து தரும் மருந்தாக அறிமுகமாயிற்று.

மருந்து தீனியானதும் நோயாளி என்னும் கருத்தே மாறியது. யார் நோயுற்றவர் என்று அறிய வேண்டிய தேவை இல்லை. அனைத்துக் கோழிகளும் அனைத்து நாளும் மருந்துண்டன. இதே காலத்தில், 1940களின் இறுதியில், ஜூக்ஸ், ஸ்டோக்ஸ்டாட் ஆகியோர் ஆரியோமைசின் தயாரிப்பின் எச்சம் கலந்த தீனியால் குஞ்சுகள் விரைந்து வளர்வதைக் கண்டனர். குடலின் நுண்ணுயிர்களைக் கட்டுப்படுத்தும் எதிருயிரி, நோய்க்கு மட்டுமன்றி எடைக்கும் உரிய பொருளாயிற்று.

இப்பெருக்கத்தில் தீனிப்பை பெற்ற இடம் மிகச் சிறியது. அடைப்புற்ற கோழி தொற்றைப் பரப்புவதில்லை. ஆகவே கூட்டத்திற்குக் கேடில்லை. பண்ணைக் கணக்கில் அது கழித்துவிட வேண்டிய ஒரு கோழி மட்டுமே. தீனிப்பை ஆராயப்பட்ட சில சந்தர்ப்பங்களும் இக்கருத்தை உறுதி செய்கின்றன. 1930களில் கனெக்டிகட்டில் யுங்ஹெர் தீனிப்பைப் பூஞ்சை நோயை ஆராய்ந்தார். அது குஞ்சுக் கூட்டங்களில் கொள்ளையாகத் தோன்றியிருந்தது. 1938இல் ஆஸ்மண்ட்சன், ஹின்ஷா ஆகியோர் வான்கோழிகளின் தொங்கு தீனிப்பை மரபுவழி வருவதா என ஆராய்ந்தனர். அது வான்கோழிப் பண்ணைகளுக்கு இழப்பாக இருந்தது. கூட்டத்தின் நோயாகும்போது மட்டுமே தீனிப்பை அறிவியலின் கண்ணில் பட்டது.

கழிச்சல்: தமிழ் நோய்ப்பெயர்களின் சாட்சியம்

கழிச்சல் என்னும் சொல் ‘கழி’ என்னும் வினையடியிலிருந்து பிறந்தது. சித்த மருத்துவத்தில் மனிதர்க்கு வரும் வயிற்றுப்போக்கு நோய்த்தொகுதிக்கும் சீதக்கழிச்சலுக்கும் இதே சொல் வழங்குகிறது. கோழி வளர்ப்பில் எச்சத்தின் நிறம் அடையாகி, வெள்ளைக்கழிச்சல், இரத்தக்கழிச்சல் எனப் பெயர்கள் அமைந்தன. இவற்றுள் இரத்தக்கழிச்சல் ஐமீரியா நோயைக் குறிப்பதில் குழப்பம் மிகுதியில்லை. வெள்ளைக்கழிச்சல் என்னும் பெயரே ஆய்வுக்குரியது.

தமிழ்நாட்டின் கால்நடைத்துறை வெளியீடுகளிலும் வேளாண் இதழ்களிலும் வெள்ளைக்கழிச்சல் என்பது இராணிக்கெட் நோயின் தமிழ்ப்பெயராக நிலைபெற்றுள்ளது. இந்நோய் 1926இல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசில் நகரிலும் அறியப்பட்டது. 1927இல் டாயில் இதனை ஒரு வைரஸ் நோயாக விவரித்து நியூகாசில் நோய் எனப் பெயரிட்டார். குமாவோன் மலைநகரமாகிய இராணிக்கெட்டில் கண்ட கோழிக்கொள்ளையை எட்வர்ட்ஸ் 1928இல் பதிவு செய்தார். இரண்டும் ஒரே நோய் என்பது பின்னர் உறுதியாயிற்று. ஆங்கிலப் பெயர்கள் இரண்டும் ஊர்ப்பெயர்கள். நோயின் இயல்பைப் பற்றி அவை எதுவும் சொல்வதில்லை. தமிழ்ப்பெயரோ அறிகுறிப்பெயர்.

அந்நோயில் வெள்ளையாகவும் பச்சையாகவும் கழிதல் உண்டு. அதனுடன் மூச்சுத்திணறல், கழுத்து முறுக்கிக்கொள்ளுதல், கால் இறகு விழுதல் ஆகியனவும் உண்டு. அதாவது, குடல், மூச்சுப்பாதை, நரம்பு ஆகிய மூன்றையும் தாக்கும் ஒரு நோய், தமிழில் குடலின் அறிகுறி ஒன்றால் மட்டும் பெயர்பெற்றது. காலையில் கூட்டைத் திறந்ததும் முதலில் கண்ணில் படுவது எச்சமே என்பதால் இப்பெயர் வளர்ப்போரின் பார்வையிலிருந்து பிறந்தது எனக் கொள்ளலாம்.

ரெட்கர் ஆராய்ந்த குஞ்சு நோயும் ஆங்கிலத்தில் நெடுநாள் ‘பாக்டீரிய வெண்கழிச்சல்’ என்னும் பொருள்தரும் பெயராலேயே வழங்கியது. பின்னர் அப்பெயர் மறைந்து, கிருமியின் பெயரைத் தழுவிய புல்லோரம் நோய் என்னும் பெயர் நிலைத்தது. ஆங்கிலத்தில் நோய்க்காரணம் அறிகுறிப்பெயரை அகற்றியது. தமிழில் அறிகுறிப்பெயர் புதிய நோயொன்றையும் தனக்குள் ஏற்றுக்கொண்டது. ஆகவே ‘வெண்கழிச்சல்’ என்னும் ஒரே பொருள்கொண்ட பெயர்கள், இரு மொழிகளில் வைரஸ் நோய் ஒன்றையும் பாக்டீரிய நோய் ஒன்றையும் குறித்து நிற்கின்றன. பழைய ஆங்கிலக் கையேடுகளைத் தமிழாக்குவோரும், தமிழ் வாய்மொழி மருத்துவத்தைத் தொகுப்போரும் இவ்வேறுபாட்டை மனங்கொள்ளாவிடில், ஒரு நோய்க்குரிய மருந்து மற்றொரு நோயின்மேல் ஏற்றப்படும்.

இப்பெயர்ச் சிக்கலுக்கு நடைமுறை விளைவும் உண்டு. இராணிக்கெட் நோய்க்கு மருந்தில்லை, தடுப்பூசியே காப்பு. 1940இல் ஐயர், டாப்சன் ஆகியோர் வலுக்குறைத்த வைரஸைக் கொண்டு நோய்த்தடுப்பு அளிக்கும் முறையை வெளியிட்டனர். முக்தேஸ்வர் என்னும் பெயரால் அறியப்படும் தடுப்பூசி வகை அவ்வழியில் வந்தது. சீரகம், மிளகு, மஞ்சள், பூண்டு, சின்ன வெங்காயம், கீழாநெல்லி ஆகியவற்றை அரைத்து ஊட்டும் மூலிகை மருத்துவமும் தமிழ்நாட்டில் வழக்கில் உள்ளது. தீனிப்பை அடைத்துப் பட்டினியால் வெள்ளையும் பச்சையுமாகக் கழியும் கோழியை வெள்ளைக்கழிச்சல் கண்டது எனக் கருதி அதன்வாயில் மருந்துருண்டையைத் திணித்தால், அடைத்த பையில் மேலும் ஓர் உருண்டை சேரும். இதற்கு மாறாக, இராணிக்கெட் நோயிலும் உணவு இறங்காமல் தீனிப்பையில் நீர் தேங்கக்கூடும். அதனை வெறும் செரிமானக் கோளாறு எனக் கருதினால் கூட்டமே அழியும். நிறத்தைக் காணும் கண்ணோடு, பையைத் தொட்டறியும் கையும் சேரவேண்டும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

வீட்டுக்கோழியின் மீள்வருகை

20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கூண்டுப்பண்ணை முறைக்கு எதிரான குரல் மேற்குலகில் எழுந்தது. 1964இல் ரூத் ஹாரிசன் எழுதிய ‘அனிமல் மெஷின்ஸ்’ என்னும் நூல் அதற்கு வித்திட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2012 முதல் வெற்றுக்கூண்டு முறை தடைசெய்யப்பட்டது. இங்கிலாந்தில் 2005இல் தொடங்கிய கோழிநலன் அறக்கட்டளை, முட்டையிடும் பருவம் முடிந்து கழிக்கப்படும் பண்ணைக்கோழிகளை மீட்டு வீடுகளுக்கு வழங்கியது. ஒரு கோழிக்குப் பெயரிட்டு, அதன் ஆயுள் முழுதும் வளர்ப்போர் மீண்டும் தோன்றினர். அவர்களுடன் தீனிப்பை நோயும் மருத்துவமனைக்கு வந்தது.

மருத்துவர் கையிலிருந்த அறிவு இரு வேறு மரபுகளுக்கு உரியது. பிசைதல், கழுவுதல், கீறித் தைத்தல் ஆகியவை 19ஆம் நூற்றாண்டு ஆர்வலரின் கொடை. 1950இல் எலிசபெத் ஹேசன், ரேச்சல் பிரவுன் ஆகியோர் கண்ட நிஸ்டாட்டின், பூஞ்சையால் புளித்த தீனிப்பைக்குப் பயன்படுகிறது. அது மனித மருத்துவத்திற்கென எழுந்த மருந்து. தீனிப்பை இயங்காமல் நிற்பது வேறொரு நோயின் அறிகுறியாகவும் இருக்கலாம். 1907இல் ஹங்கேரியின் மாரெக் விவரித்த நரம்பு நோயில், தீனிப்பைக்குச் செல்லும் நரம்பு தாக்கப்பட்டு அது தளர்வதுண்டு. ஈயநஞ்சும் அத்தகைய தளர்ச்சியைத் தரும். இந்நிலைகளில் பையை மட்டும் காலிசெய்வது பயன் தராது. நீர் தேங்கிய பையைக் காலிசெய்யக் கோழியைத் தலைகீழாகப் பிடிக்கும் வழக்கம், புளித்த நீர் மூச்சுக்குழாயில் புகுந்து கோழியைக் கொல்லக்கூடும் என்பதால் இன்று கடியப்படுகிறது.

சட்டமோ முழுவதும் கூட்டத்தின் மரபைச் சார்ந்தது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும், பெயரிட்டு வளர்க்கப்படும் கோழியும் உணவு விலங்காகவே கருதப்படுகிறது. மருந்தின் எச்சம் முட்டைவழி மனிதனைச் சேரும் என்பதும், எதிருயிரிக்குப் பணியாத கிருமிகள் பெருகும் என்பதும் இதற்குரிய காரணங்கள். அமெரிக்கா 2005இல் கோழிகளுக்கு என்ரோபிளாக்சசின் மருந்தைத் தடைசெய்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2006 முதல் வளர்ச்சியூக்கியாக எதிருயிரிகளைத் தீனியில் கலப்பதை நிறுத்தியது. இந்தியா 2019இல் உணவு விலங்குகளுக்குக் கொலிஸ்டின் தருவதைத் தடைசெய்தது. இத்தடைகள் தேவையானவை. எனினும் கூட்டத்திற்கு அளவின்றி ஊட்டியதால் நேர்ந்த கேட்டின் விலையில் ஒரு பகுதியைத் தனிக்கோழி செலுத்துகிறது. அதன் குடல்நோய்க்கு வேறு உயிரினத்தில் தடையின்றித் தரப்படும் மருந்து, கோழி என்னும் காரணத்தால் மறுக்கப்படலாம்.

முடிவுரை

தீனிப்பை நோயின் மருத்துவமும் கழிச்சல் நோயின் மருத்துவமும் ஒரே உடலின் இரு முனைகளைச் சார்ந்தவை. ஆயினும் அவற்றின் வரலாறு ஒன்றன்று. முன்னது தனிக்கோழிக்கு மதிப்பு இருந்த காலங்களில் வளர்ந்து, கூட்டம் நோயாளியானபோது தேங்கியது. பின்னது கூட்டத்தின் பொருளியலால் ஊக்கம்பெற்று, கிருமி, சோதனை, தடுப்பூசி, மருந்துத்தீனி என விரிந்தது. நோயின் கடுமையை மட்டும் கொண்டு இவ்வேறுபாட்டை விளக்க இயலாது. நோயுற்ற உயிருக்குச் சமூகம் இட்ட விலையே இதனை விளக்குகிறது.

தமிழ் நோய்ப்பெயர்கள் இவ்வரலாற்றிற்குத் தனிச்சான்று வழங்குகின்றன. வெள்ளைக்கழிச்சல் என்னும் பெயர் வளர்ப்போரின் கூர்ந்த நோக்கைக் காக்கிறது. அதே வேளையில் பல காரணங்களை ஒரு நிறத்தினுள் அடக்கியும் விடுகிறது. கோழி மருத்துவம் தொடர்பான தமிழ் வாய்மொழி வழக்குகளைத் தொகுக்கும் ஆய்வாளர்கள், மருந்தோடு நில்லாமல், நோயை எவ்வாறு அறிந்தனர், எச்சத்தின் நிறத்தைக் கண்டா, பையைத் தொட்டா என்பதையும் பதிவு செய்தல் வேண்டும். அப்பதிவு இல்லாத மருந்துக்குறிப்பு, எந்த நோய்க்குரியது என்று அறிய முடியாத குறிப்பாகவே எஞ்சும்.